முதலாண்டில் எங்கே தங்குவது: வளாக விடுதியா, வெளியில் வீடா, சொந்த வீடா?

சேர்க்கை உறுதியான கையோடு விடுதிப் படிவமும் வந்துவிடும். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள், எங்கே தங்குவது என்பதை இரண்டு நாளில் முடிவு செய்ய வேண்டிய நிலை. வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. விடுதிதான் பத்திரம் என்பார் அப்பா. அந்தக் காசுக்கு வெளியே நல்ல வீடே பிடிக்கலாமே என்பார் மாமா. ஒரு மணி நேரம்தானே, இங்கிருந்தே போய் வா என்று அம்மா மெல்ல ஆரம்பிப்பார். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுப்படியானால் முதலாண்டுக்கு வளாக விடுதி. இரண்டாம் ஆண்டிலிருந்து வெளியே. விடுதி அறைகள் ஒன்றும் சொர்க்கம் இல்லை. சுவர் மெல்லிசு, மெத்தை அதைவிட மெல்லிசு. கதவுக்கு வெளியே இருக்கும் தாழ்வாரத்துக்காகத்தான் இதைச் சொல்கிறேன். யாரையும் தெரியாத ஊரில், தேடிப் போகாமலே நாலு பேர் எதிர்ப்படும் இடம் அது. அந்தத் தேவை உங்களுக்கு இல்லையென்றால் என் கணக்கு உங்களுக்குச் சரிவராது. யார் யாருக்குச் சரிவராது என்பதையும் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன், தேர்வு உண்மையிலேயே உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் யேல் போன்ற சில பல்கலைக்கழகங்கள் தொடக்க ஆண்டுகளில் வளாகத்தில்தான் தங்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கின்றன. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் முதலாண்டு மாணவருக்கு அறை உறுதி என்கின்றன. ஆனால் குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பித்தவருக்கு மட்டும்தான் அந்த உறுதி. ஜெர்மனியில் மாணவர் விடுதிகளைப் பெரும்பாலும் நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, ஸ்டூடியரெண்டன்வெர்க் எனப்படும் தனி அமைப்புகள். பெரிய நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளும். அதனால் சேர்க்கை கிடைத்துவிட்டது, அறையும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது.

## எதை வைத்து எடை போடுவது

மாத வாடகை எவ்வளவு என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முழு ஆண்டுச் செலவு. மாதக் கணக்கை ஓரமாக வையுங்கள். விடுதிக் கட்டணம் 9 மாதத்துக்கு, வெளி வீட்டு ஒப்பந்தம் 12 மாதத்துக்கு என்றால், வெளி வீட்டின் மாத வாடகை விடுதியைவிடக் கால் பங்கு குறைவாக இருந்தால்தான் இரண்டும் சமமாகும். மின்சாரம், தண்ணீர், இணையம், கட்டில், மேஜை, போக்குவரத்து எல்லாம் அதற்கு அப்புறம்.

நேரம். போக ஒரு மணி, வர ஒரு மணி, வாரத்தில் 5 நாள், ஆண்டுக்கு 30 வாரம் வகுப்பு: மொத்தம் 300 மணி நேரம். சமையல், கடைக்குப் போவது, பாத்திரம் கழுவுவது ஆகியவற்றையும் இதே மாதிரி எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

மனிதர்கள். நீங்கள் எந்த முயற்சியும் எடுக்காத ஒரு சாதாரண நாளில், எத்தனை பேரிடம் பேசியிருப்பீர்கள்? இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தால் யாருக்குத் தெரியும்?

தூக்கமும் படிப்பும். கதவைச் சாத்தினால் உண்மையிலேயே அமைதி கிடைக்குமா?

வெளியேறும் வழி. ஒத்துவரவில்லை என்றால், எத்தனை நாள் முன்னறிவிப்பு, எவ்வளவு பணம் போகும்? ஐந்தில் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கடைசியில் கையைக் கடிப்பதும் இதுதான்.

## வளாக விடுதி

### கிடைப்பது

1950இல் வெளியான ஒரு பழைய ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக வளாகத்தில், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பில், யாருக்கு யார் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் உடன் ஆய்வு செய்தவர்களும் கேட்டார்கள். அடுத்த கதவில் இருந்தவரை 41 சதவீதம் பேர் நண்பராகச் சொன்னார்கள். அதே தளத்தின் மறுகோடியில் இருந்தவரை 10 சதவீதம் பேர். நடுவே இருந்தது சில கதவுகள் தூரம்தான். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மேல் தளத்திலும் நண்பர்கள் கிடைத்தார்கள். குணம், விருப்பம், பூர்வீகம் எல்லாவற்றையும் தாண்டி யார் வழியில் யார் நடக்கிறார்கள் என்பதே பாதி வேலையைச் செய்துவிட்டது.

விடுதிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குத்தான் போகிறது. பல் தேய்க்கப் போகும்போது, தண்ணீர் பிடிக்கப் போகும்போது, நடு ராத்திரி தீ எச்சரிக்கை மணி அடித்து எல்லோரும் போர்வையோடு வாசலில் நிற்கும்போது உண்டாகும் பழக்கம் அது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் விடுதி நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்குகிறார்கள். எனக்கென்னவோ அவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும் என்று படுகிறது. கலகலப்பானவர் எங்கே இருந்தாலும் ஆள் சேர்த்துக்கொள்வார்.

படிப்புக்கு நல்லதா? 1970களில் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின், வளாகத்தில் தங்குபவர்கள் படிப்பைப் பாதியில் விடுவது குறைவு என்று காட்டினார். இதைக் கொஞ்சம் நிதானத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். விடுதிக்குப் பணம் கட்ட முடிந்த குடும்பங்களுக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கும் ஏற்கெனவே பல வித்தியாசங்கள் உண்டு. எவ்வளவு பங்கு விடுதியால், எவ்வளவு பங்கு வசதியால் என்று பிரித்துச் சொல்வது கடினம். விடுதியில் சேர்ந்தால் மதிப்பெண் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

உதவியும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு வார்டன், தளத்துக்கு ஒரு மூத்த மாணவப் பொறுப்பாளர், ராத்திரிக் காவல். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் ஒரு போன் போதும். குழாய் உடைந்தால் யாரைப் பிடிப்பது என்று அலைய வேண்டாம். பதினெட்டு வயதில் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை அல்லவா? மூத்தவர்களின் சீண்டல் பற்றிய பயம் நியாயமானது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகள், இயன்றவரை புதியவர்களைத் தனி விடுதிப் பகுதியில் தங்கவைக்கச் சொல்கின்றன. நீங்கள் சேரும் இடத்தில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

### வெளியே தெரியாத செலவுகள்

முதலில் சாப்பாடு. பல விடுதிகளில் வாரத்துக்கு இத்தனை வேளை என்று முன்கூட்டியே கட்ட வேண்டும். சாப்பிடாத வேளைக்குப் பணம் திரும்பாது. வாரம் 14 வேளைக்குக் கட்டிவிட்டு 9 வேளை சாப்பிட்டால், ஒரு வேளையின் உண்மை விலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. காலை வகுப்புக்கு ஓடுகிறவர்கள் முதலில் கைவிடுவது காலைச் சாப்பாட்டைத்தான். இருப்பதில் சின்ன திட்டத்தில் தொடங்குங்கள். பின்னால் கூட்டிக்கொள்ளப் பெரும்பாலும் விடுவார்கள், குறைக்க விட மாட்டார்கள். உணவுக் கட்டுப்பாடு அல்லது ஒவ்வாமை உள்ளவர்கள், மெஸ் கட்டாயமா, சமையலறை உள்ள தளம் கிடைக்குமா என்பதை அறைக்கு முன்னால் விசாரிக்க வேண்டும்.

அப்புறம் விடுமுறை. பருவ இடைவெளியில் விடுதியை மூடிவிடுகிறார்களா? மூடினால் சாமான்களை எங்கே வைப்பது? ஊர் தொலைவில் உள்ளவருக்கும் வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கும் இது பெரிய செலவு. கட்டணப் பட்டியலில் ஒரு வரிகூட இதைப் பற்றி இருக்காது.

பொதுச் சேதம் என்று ஒன்று உண்டு. தாழ்வாரத்துக் கதவை உடைத்தது யாரென்று தெரியாவிட்டால், செலவைத் தளத்தில் உள்ள எல்லோருக்கும் பங்கு போடும் விதி பல இடங்களில் இருக்கிறது. உங்கள் அறைக்குள் நடக்கும் சேதத்துக்கு ஒரு காகிதம் காப்பாற்றும். முதல் நாள் சாவியோடு தருவார்கள்: மேஜை, நாற்காலி, அலமாரி, சன்னல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘நன்று’ என்று ஏற்கெனவே டிக் அடித்திருக்கும். பெட்டி படுக்கையோடு நிற்கும் களைப்பில் கையெழுத்துப் போட்டுவிடத்தான் தோன்றும். போடாதீர்கள். மேஜை டிராயரை இழுத்துப் பாருங்கள், முழுசாக மூடுகிறதா? மெத்தையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். சன்னல் கொக்கி மாட்டுகிறதா, அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஈரக் கறை இருக்கிறதா? எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பழுதைப் படிவத்தில் உங்கள் கையாலேயே எழுதி, அதன் பிறகு கையெழுத்து. ஆண்டு முடிவில் முன்பணம் முழுசாகத் திரும்பி வருவது இந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

உடம்பு விஷயம் ஒன்று. நெருக்கமாக வாழும் இடத்தில் தொற்று வேகமாகப் பரவும். மெனிஞ்சோகாக்கல் மூளைக்காய்ச்சல் அதில் மோசமானது. அமெரிக்காவில் விடுதியில் தங்கப்போகும் முதலாண்டு மாணவர்களுக்கு இதற்கான தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.

### எந்த அறை என்பதே பாதி முடிவு

விடுதி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். தாழ்வாரத்தைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம், ஆனாலும் நீண்ட தாழ்வாரம் வேறு ஜாதி. 1970களில் ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இருவகை விடுதிகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் நீண்ட தாழ்வாரம், முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொதுக் குளியலறை. மற்றொன்றில் நாலு முதல் ஆறு பேர் ஒரு கூடத்தைப் பகிரும் சிறு தொகுதிகள். ஆளுக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் நீண்ட தாழ்வாரத்துப் பிள்ளைகள் கூட்டத்தில் நசுங்குவதாக உணர்ந்தார்கள், பிறரைத் தவிர்த்தார்கள், விடுதிக்கு வெளியே ஒரு காத்திருப்பு அறையில்கூட அறிமுகமற்றவரிடமிருந்து தள்ளி உட்கார்ந்தார்கள். பிற்பாடு பாம் இன்னொரு சோதனை செய்தார். நீண்ட தாழ்வாரத்தின் நடுவில் சில அறைகளைப் பொதுக் கூடமாக்கி, கதவு போட்டு இரண்டாகப் பிரித்ததும் நிலைமை தேறியது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி: ஒரு குளியலறையை, ஒரு பொது அறையை எத்தனை பேர் பகிர்கிறார்கள்? பெயர் நினைவில் நிற்கும் அளவுக்குள் இருந்தால் நல்லது. முப்பது நாற்பது என்றால், அதே விலையில் சிறு தொகுதி கிடைக்கிறதா என்று தேடுங்கள். கட்டடம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை.

தனி அறையா, இருவர் அறையா? பணத்தில் இருவர் அறை எப்போதும் ஜெயிக்கும். ஆனால் கூட இருப்பவர் உங்கள் ஆண்டையே மாற்றிவிடுவார், இது வெறும் பேச்சு இல்லை. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அறைத்தோழர்களை ஏறக்குறையக் குலுக்கல் முறையில் ஒதுக்கியதை வைத்து புரூஸ் சாசர்டோட் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பாதிப்பது தெரிந்தது. எந்தப் பாடத்தை முதன்மையாக எடுப்பது என்பதில் அப்படிப் பாதிப்பு தெரியவில்லை. அங்கேயே பெரியா கல்லூரி மாணவர்களை வைத்து ரால்ஃப் ஸ்டைன்பிரிக்னர், டாட் ஸ்டைன்பிரிக்னர் இருவரும் 2008இல் வெளியிட்டது இன்னும் சுவாரசியம். அறைத்தோழர் வீடியோ கேம் பெட்டியோடு வந்திருந்தால், மற்றவர் படிக்கும் நேரம் நாளொன்றுக்கு அரை மணிக்கு மேல் குறைந்தது, மதிப்பெண்ணும் இறங்கியது. இன்று கேம் பெட்டி எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது, அது வேறு கதை.

என் யோசனை: தூக்கம் லேசானவர், மருந்து மாத்திரை ஒழுங்கு உள்ளவர், தனிமை கிடைத்தால்தான் மூச்சு வரும் என்பவர், கூடுதல் பணத்தைத் தனி அறைக்கே போடுங்கள், வேறு இடத்தில் மிச்சம் பிடிக்கலாம். மற்றவர்களுக்கு முதலாண்டில் இருவர் அறை போதும். மூவர் அறையில் இரண்டு பேர் சேர்ந்துகொண்டு ஒருவர் தனித்துப்போவது அடிக்கடி நடக்கும் கூத்து. வேறு வழியில்லை என்றால் மட்டும்.

இது யாருக்குச் சரி: ஊருக்குப் புதியவர், கல்லூரியில் யாரையும் தெரியாதவர், ஆய்வகமும் நூலகமும் இரவு வரை இழுக்கும் படிப்பு எடுத்தவர், பதினெட்டு நிரம்பாததால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாதவர்.

## வெளியில் வீடு எடுத்துப் பகிர்வது

கணக்குப் புத்தகத்தில் இது அழகாகத் தெரியும். சொந்தச் சமையல், விருந்தினர் விதி இல்லை, கதவைச் சாத்தினால் உங்கள் உலகம். இரண்டாம் ஆண்டில் இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பேன். முதலாண்டில் தயங்கக் காரணம், யாரோடு பகிர்வது என்பதே அப்போது தெரியாது. விளம்பரத்தில் பார்த்த மூன்று பேரோடு ஓராண்டு ஒப்பந்தம் போடுவது, பார்க்காத ஒருவரோடு வியாபாரக் கூட்டு சேர்வதைப் போலத்தான்.

சட்டத்திலும் அது கூட்டாகவே இருக்கலாம். ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரி இதுதான்: எல்லோரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தமா, ஆளுக்கொரு ஒப்பந்தமா? முதல் வகையில் முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. நால்வரில் ஒருவர் பருவத்தின் நடுவில் படிப்பை விட்டுப் போய்விட்டால், அவர் பங்கை மீதி மூவரும் சேர்த்துக் கட்ட வேண்டும். வீட்டு உரிமையாளர் ஜாமீன் கேட்டால், உங்கள் பெற்றோர் போடும் கையெழுத்து உங்கள் பங்குக்கு மட்டுமா, மொத்த வீட்டுக்குமா என்பதையும் பாருங்கள். மொத்த வீட்டுக்கும் ஜாமீன் நின்றுவிட்டு, யாரோ ஒரு பையனின் பாக்கிக்காக வக்கீல் நோட்டீஸ் வாங்கும் பெற்றோர் உண்டு.

மற்ற மறைசெலவுகள் சின்னச் சின்னதாக வரும்: முன்பணம், தரகர் கூலி, கட்டில் மேஜை, இணைய இணைப்பு வரும் வரை இரண்டு மூன்று வாரம் போன் டேட்டா, நுழைந்த முதல் வாரத்தில் வாங்கும் துடைப்பம் தொடங்கிக் குக்கர் வரை. மாதா மாதம் கரண்ட் பில்லை யார் பெயரில் வாங்குவது, யார் வசூல் செய்வது என்ற வேலை எப்போதும் ஒரே ஆள் தலையில்தான் விழும். அந்த ஆள் நீங்கள்தானா என்று யோசித்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போனாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் குறிவைத்தே போலி விளம்பரங்கள் போடுகிறார்கள். ‘நிறைய பேர் கேட்கிறார்கள், இன்றே அனுப்பினால் பிடித்து வைக்கிறேன்’ என்பதுதான் அவர்கள் பாட்டு.

இது யாருக்குச் சரி: ஏற்கெனவே நெருங்கிய நண்பரோ உறவினரோ அதே ஊரில் இருப்பவர், கொஞ்சம் வயது வந்த பிறகு படிக்க வந்தவர், திருமணமானவர், தனக்குத்தானே சமைத்தாக வேண்டிய உணவு முறை உள்ளவர், இரவு வேலைக்குப் போய்வரும் மாணவர்.

## தனியார் மாணவர் விடுதி

இது நடுவாந்தரம். வளாகத்துக்கு வெளியே, மாணவருக்கென்றே ஒரு நிறுவனம் கட்டி நடத்துவது. உடற்பயிற்சிக் கூடம், திரையரங்கு என்று படம் காட்டுவார்கள். கரண்டும் இணையமும் வாடகைக்குள் அடக்கம். ஆளுக்கொரு ஒப்பந்தம் என்பது பெரிய வசதி. ஆனால் பல இடங்களில் விலை வளாக விடுதியைவிட அதிகம், ஒப்பந்தக் காலமும் நீளம், படிப்பை விட்டாலும் வாடகை நிற்காது. எல்லோருக்கும் தனிக் குளியலறையும் தனிச் சமையல் மூலையும் இருந்துவிட்டால், அடுத்த அறையில் யார் என்று ஆண்டு முடியும் வரை தெரியாமலே போகும். வளாக விடுதியில் இடம் கிடைக்கவில்லை, வீடு தேடவும் நேரமில்லை என்றால் இது நல்ல இரண்டாம் வழி. அப்போதும் பொதுச் சமையலறை உள்ள அறையாகக் கேளுங்கள்.

## வீட்டிலிருந்தே போய் வருவது

செலவு மிகக் குறைவு. சோறு, துணி, தூக்கம் மூன்றும் கவலையில்லை. கடன் வாங்கித்தான் விடுதிக்குக் கட்ட வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களிடம் நான் விடுதியைப் புகழ மாட்டேன். முதலாண்டு அனுபவத்துக்காக எடுத்த கடனை வேலைக்குப் போன பிறகும் கட்டிக்கொண்டிருப்பதில் என்ன பெருமை?

இதன் விலை நேரத்தில் இருக்கிறது. 300 மணி நேரக் கணக்கை மேலே போட்டோம். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அதில் பாதியைப் படிப்புக்குத் திருப்பலாம். நெரிசலில் நின்றுகொண்டு வந்தால் ஒன்றும் ஆகாது. அதைவிடப் பெரியது மாலை நேரம். குழு வேலைகள், மாணவர் கழகக் கூட்டங்கள், தேர்வுக்கு முந்தைய கூட்டுப் படிப்பு எல்லாம் ஆறு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். கடைசி வண்டியைப் பிடிக்க நீங்கள் அப்போது பையைத் தூக்கிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, வீட்டில் நீங்கள் பழைய பிள்ளைதான். வங்கிக்குப் போ, தம்பிக்குக் கணக்கு சொல்லிக்கொடு என்ற வேலைகள் தேர்வு வாரத்திலும் நிற்காது.

சமாளிக்கலாம். வகுப்பு அட்டவணை எழுதும்போது பாடங்களை நாலு நாளுக்குள் அடக்கப் பாருங்கள். வாரத்தில் ஒரு மாலையாவது நேரம் கழித்து வருவேன் என்று வீட்டில் முதல் வாரத்திலேயே சொல்லி வையுங்கள், பிற்பாடு சொன்னால் சண்டை. ஒரு கழகத்தில் சேருங்கள், ஒன்றே ஒன்று போதும். வளாகத்தில் பை வைக்க ஒரு லாக்கர் வாங்கிவிடுங்கள்.

இது யாருக்குச் சரி: பயணம் ஒரு வழிக்கு 40, 45 நிமிடத்துக்குள் இருப்பவர், வீட்டில் அமைதியான மூலை உள்ளவர், குடும்பத்துக்கு இவர் துணை தேவைப்படுபவர், பணம் உண்மையிலேயே இறுக்கமாக இருப்பவர். வீட்டுச் சூழலே மூச்சு முட்டுகிறது என்றால் பயணம் பத்து நிமிடமானாலும் விடுதிக்கே போங்கள்.

## பக்கத்தில் பக்கமாக

| | வளாக விடுதி | வெளியில் பகிர்ந்த வீடு | தனியார் மாணவர் விடுதி | சொந்த வீடு |
|---|---|---|---|---|
| ஆண்டுச் செலவு | நடுத்தரம் முதல் அதிகம். மெஸ் கட்டாயமானால் கூடும் | வாடகை குறைவு, சில்லறைச் செலவு அதிகம் | பெரும்பாலும் அதிகம் | மிகக் குறைவு |
| நேரம் | மிச்சம் | சமையலிலும் வீட்டு வேலையிலும் கொஞ்சம் போகும் | வளாகத் தூரத்தைப் பொறுத்து | பயணத்தில் போகும் |
| புது மனிதர்கள் | தானாகக் கிடைப்பார்கள் | வீட்டில் உள்ளவர்கள் மட்டும் | அறை வகையைப் பொறுத்து | முயற்சி செய்தால்தான் |
| அமைதி | அதிர்ஷ்டம் | வீட்டுத்தோழர்களைப் பொறுத்து | நன்று | குடும்பத்தைப் பொறுத்து |
| வெளியேறுவது | விதிப்படி, ஓரளவு எளிது | கடினம் | கடினம் | கேள்வியே இல்லை |

## படிவத்தை நிரப்பும்போது

விடுதிப் படிவத்தில் ‘எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள்?’ என்று ஒரு கேள்வி வரும். பல வீடுகளில் அதை நிரப்புவது பெற்றோர், பதில் ‘10 மணி’. உண்மையில் பிள்ளை தூங்குவது ஒன்றரைக்கு. அறைத்தோழராகக் கிடைப்பவர் நிஜமாகவே பத்து மணிக்குத் தூங்குகிற ஆள். யார் மீது தப்பு? ஆக, ஆசைப்படுவதை எழுதாமல் நடப்பதை எழுதுங்கள். சத்தம், சுத்தம், விருந்தினர், ஏசி அல்லது சன்னல் பற்றிய கேள்விகளுக்கும் இதே விதி.

விடுதி அலுவலகத்திடம் கேட்க வேண்டியவை: ரத்து செய்யக் கடைசித் தேதி எது, அதற்குப் பிறகு எவ்வளவு பிடித்தம்? விடுமுறையில் திறந்திருக்குமா? அறை மாற்றம் எப்போது முதல் கேட்கலாம்? பல விடுதிகள் முதல் சில வாரங்களுக்கு மாற்றத்தை அனுமதிப்பதில்லை. அந்தத் தடை நீங்கும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, தேவையென்றால் அன்றே மனு கொடுங்கள். காலியாகும் நல்ல அறைகள் முந்திக் கேட்டவருக்கே போகும்.

அறைத்தோழரோடு முதல் வாரத்தில் ஒரு அரை மணி உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. விளக்கு எப்போது அணைப்பது, போனை எங்கே போய்ப் பேசுவது, ராத்திரி யாரையாவது தங்க வைப்பதென்றால் எத்தனை நாள் முன் சொல்வது. சிரித்துக்கொண்டே பேசி முடித்துவிடக்கூடிய விஷயங்கள்தாம். மூன்றாம் மாதம் பேசினால் யாருக்கும் சிரிப்பு வராது.

கடைசியாக ஒன்று. விடுதியில் இருப்பவர்களுக்கு முதல் பருவம் முடிவதற்குள்ளேயே ‘அடுத்த வருஷத்துக்கு வீடு பார்க்கலாமா?’ என்று ஒரு அவசரம் தொற்றிக்கொள்ளும். யாரோ ஒருவர் நல்ல வீடெல்லாம் போய்விடும் என்பார், மொத்தத் தளமும் பரபரக்கும். அறிமுகமாகி ஆறு வாரமே ஆனவர்களோடு ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு தேர்வுக் காலமாவது கூட இருந்து பாருங்கள். சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தை யார் கழுவுகிறார்கள், வாங்கிய கடனைக் கேட்காமலே யார் திருப்பித் தருகிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.